வேதியியலில் விட்டுப்போன ஒரு பாடம்

பல்வலி, மூட்டுவலின்னா ஒரு ப்ரூஃபன் போட்டுக்கிறோம். அதிலுள்ள ஐபுபுரூஃபனை 1960களில் பிரிட்டனின் பூட்ஸ் கம்பெனி ஆறு படிகளில் தயாரித்தது. வேதிக் கணக்குப்படி 100 கிலோ மூலப்பொருள் போட்டால் சுமார் 40 கிலோதான் மருந்து. மிச்சம் 60 கிலோ கழிவு! போதாததற்கு, வினையைத் தூண்ட நிறைய அலுமினியம் குளோரைடு வேறு. அதுவும் கடைசியில் கழிவுதான்.

1992ல் டெக்சாஸ் மாநிலம் பிஷப்பில் பிஎச்சி நிறுவனம் இதையே மூணே படியில் செய்தது. மூணிலும் வினையூக்கி. வினையூக்கின்னா கல்யாணத் தரகர் மாதிரி. ரெண்டு பேரைச் சேர்த்து வச்சிட்டு, தான் ஒட்டிக்காம அடுத்த வரன் பார்க்கப் போயிடும். கணக்கு 40லிருந்து 77 கிலோவானது. கூடவே கிடைக்கும் அசிட்டிக் அமிலத்தையும் பயன்படுத்தினால் 99. 1997ல் அமெரிக்க ஜனாதிபதியின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது.

ஆனா ஒரு விஷயம். முதல் படியின் வினையூக்கி ஹைட்ரஜன் புளோரைடு. கடைசிப் படியில் கார்பன் மோனாக்சைடு. ரெண்டுமே ஆளைக் கொல்லக்கூடியவை. கழிவு குறைந்தது, ஆபத்து தீரவில்லை. இப்படி ரெண்டையும் சேர்த்து எடைபோட வேதியியலாளருக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?

யாரும் இல்லை என்பதை ஜான் வார்னர் கொடுமையான விதத்தில் தெரிந்துகொண்டார். போலராய்டு கம்பெனி விஞ்ஞானி அவர். 1993ல் அவருடைய ரெண்டு வயது மகன் பிறவிக் கல்லீரல் நோயால் இறந்துபோனான். நான் கையாண்ட ஏதோ ஒரு ரசாயனம்தான் காரணமோ? அன்றிரவு இந்தக் கேள்வி அவரைத் தூங்க விடவில்லை. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆயிரக்கணக்கில் புதுச் சேர்மங்கள் செய்தவர், எது ஏன் நஞ்சாகிறது என்று ஒரு வகுப்பில்கூடப் படித்ததில்லை.

1998ல் பால் அனஸ்டாஸுடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் பசுமை வேதியியலின் 12 விதிகளைத் தந்தார். வினையூக்கி அதில் ஒன்பதாவது விதி. பிறகு பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் பசுமை வேதியியல் முனைவர் படிப்பைத் தொடங்கினார். வினைகளோடு நச்சியலும் அங்கே பாடம்.

நல்ல வினையூக்கி கண்டுபிடிக்கிற திறமை ஏற்கெனவே இருந்தது. "இதனால யாருக்கு என்ன ஆகும்?"னு கேட்கிற பழக்கம்தான் இல்லை. அதைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவர, ஒரு அப்பா மகனைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் மனசை உறுத்துகிறது.