தணிக்கையும் அந்தரங்கமும்: துருக்கியின் இணையத் தடைகள் பற்றிய வரலாற்றுக் குறிப்பு

தணிக்கையின் வரலாறு பெரும்பாலும் எழுதுவோரின் உரிமை பற்றிய வரலாறாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. அச்சுக்காலத்துக்கு அது பொருந்தும். பத்திரிகைச் செய்தியொன்றை நீக்குவதற்கு எழுத்தை வாசித்தாற் போதும். வாசகரை அறிய வேண்டியதில்லை. இணையத்திலோ தடையானது வாசகரின் வேண்டுகோளின் மீதே செயற்படுகின்றது. ஆதலின், அவர் எதனை நாடுகின்றார் என்பதை அறியாது தடுத்தல் இயலாது. துருக்கியின் அனுபவம் இதனைத் தெளிவுறுத்துகின்றது.

2007ஆம் ஆண்டின் 5651ஆம் இலக்கச் சட்டம் இணையத்தளங்களைத் தடைசெய்ய வழிவகுத்தது. 2014 பெப்ரவரித் திருத்தம், முழுத் தளத்தையன்றித் தனிப் பக்கத்தை மட்டும் தடுப்பதற்கும் இடமளித்தது. இது மென்மையான ஏற்பாடு போலத் தோன்றலாம். ஆயின் பயனாளர் கேட்கும் பக்கம் எதுவெனச் சேவை நிறுவனம் ஊன்றிப் பார்த்தாலன்றி இது கைகூடாது. தடை நுண்மையடையுந்தோறும் வேவு ஆழமாகின்றது.

அவ்வாண்டு மார்ச்சில், உள்ளூராட்சித் தேர்தலுக்குச் சில நாட்களின் முன், ஊழல் குற்றச்சாட்டுத் தொடர்பான ஒலிப்பதிவுகள் பரவிய வேளையில் டுவிட்டர் தடைசெய்யப்பட்டது. தளப்பெயரை எண்முகவரியாக மாற்றித்தரும் உள்நாட்டு வழங்கிகள் பிழையான விடையளித்தன. மக்கள் கூகிளின் வழங்கிக்கு மாறினர், 8.8.8.8 என்னும் அதன் எண் இஸ்தான்புல் சுவர்களில் எழுதப்பட்டது. பின்னர் உள்நாட்டுச் சேவை நிறுவனங்கள் அவ்வெண்ணிலேயே போலி வழங்கிகளை இயக்கின. வாசகர் கேட்டவை யாவும் அவற்றின் கைக்கே சென்றன.

2015இல் விக்கிபீடியா தன் பக்கங்கள் அனைத்தையும் மறைகுறியாக்கம் செய்து அனுப்பத் தொடங்கியது. வாசகர் அத்தளத்துக்குச் செல்வது இடையிலிருப்போருக்குத் தெரியும். எக்கட்டுரையை வாசிக்கின்றார் என்பது தெரியாது. ஆகவே, சிரிய யுத்தத்தில் துருக்கியின் பங்கு பற்றிய ஓரிரு கட்டுரைகளை மறைக்க விரும்பிய அரசு, 2017 ஏப்ரல் 29இல் விக்கிபீடியா முழுவதையுமே தடைசெய்தது. மறைவாகக் கத்தரிக்க இயலாமையால் அரசு பகிரங்கமாகக் கதவடைக்க நேர்ந்தது. அத்தடை கருத்துச் சுதந்திரத்தை மீறுவதென 2019 டிசம்பர் 26இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 15இல் தடை நீங்கியது.

அந்தரங்கம் தனிமனித வசதி மட்டுமன்று. தணிக்கையை வெளிச்சத்துக்குக் கொணரும் சமூக உரிமையுமாகும். எனினும் அத்தடை நீங்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சென்றமை மனங்கொள்ளத்தக்கது. தொழினுட்பம் தடையை யாவரும் காணச் செய்தது. அதனை அகற்றியதோ சட்டப் போராட்டமே.