மீதி அடுத்த தாளில்

ரயிலில் குடும்பத்தோடு போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எட்டு பேருக்கு டிக்கெட் போட்டிருப்போம். வெயிட்டிங் லிஸ்ட்டில் கிடந்து கடைசி நேரத்தில் கன்ஃபர்ம் ஆகும். சார்ட்டைப் பார்த்தால் பாட்டிக்கு எஸ்-3, அம்மாவுக்கு எஸ்-7, சித்தப்பாவுக்கு வேறு எங்கோ. அப்பா ஒரு துண்டுத்தாளில் யாருக்கு எந்தப் பெட்டி, எந்த பெர்த் என்று எழுதி சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அந்தத் தாள் சரியாக இருக்கிற வரைக்கும் குடும்பம் ஒண்ணாத்தான் பயணம் பண்ணுது.

கம்ப்யூட்டர் மெமரியிலும் இதே கதைதான். நம்ம புரோகிராம் ஒரு மெகாபைட் இடம் கேட்டால், அதன் கண்ணுக்கு அது ஒரே நீளமான இடம். உள்ளே பார்த்தால் 4096 பைட் அளவில் 256 பக்கங்கள், ஆளுக்கொரு மூலையில். புரோகிராமுக்கு இது தெரியாது. ஆனால் டிஸ்க் கன்ட்ரோலர் டிஎம்ஏ மூலமாக நேரடியாக மெமரியில் எழுதும்போது அதற்கு நிஜ முகவரி வேணும். கெர்னலுக்கு இரண்டு வழி. ஒன்று, எங்கேயாவது தொடர்ச்சியான இடம் பிடித்து அதில் வாங்கி, அப்புறம் ஒவ்வொரு பக்கத்துக்கும் காப்பி பண்ணுவது. இல்லையென்றால், "இந்த முகவரியில் இத்தனை பைட், அந்த முகவரியில் இத்தனை பைட்" என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிடுவது. இரண்டாவதுக்குப் பெயர் ஸ்கேட்டர்-கேதர். சிதறிக் கிடப்பதில் பிரித்துப் போடு, சிதறிக் கிடப்பதைக் கூட்டி எடு.

இந்தப் பட்டியலோடு எனக்கு ஒரு சொந்தப் பகை உண்டு. 2009 வாக்கில் ஒரு ஸ்டோரேஜ் கார்டுக்கு டிரைவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய லினக்ஸுக்கு எழுதின டிரைவரைப் புதுசுக்கு மாற்றும் வேலை. வேகம் வேணும் என்று ஒரே தடவையில் ஒரு மெகாபைட் அனுப்பும்படி வரம்பை உயர்த்தினோம். டெஸ்ட் எல்லாம் பாஸ். நாலு நாள் கழித்து ஃபைல்கள் கெட்டுப்போக ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் முதல் 508 கேபி சுத்தமாக இருக்கும், அதற்கப்புறம் குப்பை. மெஷினை ரீபூட் பண்ணினால் சரியாகிவிடும். நாலு நாளில் திரும்ப அதே கூத்து. அதென்ன 508? பத்து நாள் தூக்கம் போச்சு. விடையைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம்.

1964-ல் ஐபிஎம் சிஸ்டம்/360 வந்தது. அதில் ஐ/ஓ வேலையை சானல் என்கிற தனிப்பகுதி பார்த்துக்கொள்ளும். சானலுக்கு எட்டு பைட் கட்டளைகளாக எழுதிக் கொடுக்கணும்: என்ன செய்யணும், எந்த முகவரி, எத்தனை பைட். அதில் ஒரு பிட்டைப் போட்டால் "இந்த இடம் நிரம்பியதும் அடுத்த கட்டளையில் இருக்கிற இடத்தில் தொடரு" என்று அர்த்தம். டேட்டா செயினிங் என்று பெயர். கட்டளைகளே பக்கத்தில் பக்கத்தில் இல்லாவிட்டால் 'டிரான்ஸ்ஃபர் இன் சானல்' என்று இன்னொரு கட்டளை: "மீதிப் பட்டியல் அந்த முகவரியில் இருக்கு, அங்கே போ." இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யூனிக்ஸ் பக்கம், 1977-ல் வந்த வாக்ஸ்-11/780 வேறு வழி பிடித்தது. யூனிபஸ் சாதனங்களுக்கு 18 பிட் முகவரிதான் தெரியும், அதாவது 256 கேபி. நடுவில் ஒரு அடாப்டரை வைத்து, அதில் 496 மேப் ரெஜிஸ்டர்கள். ஒவ்வொன்றும் 512 பைட் பக்கம் ஒன்றைக் காட்டும். சாதனம் தொடர்ச்சியான இடம் என்று நினைத்து எழுதும், அடாப்டர் அதைச் சிதறிய பக்கங்களுக்குத் திருப்பிவிடும். இன்றைக்கு நாம் ஐஓஎம்எம்யு என்று சொல்வதற்கு இது ஒரு தாத்தா.

நெட்வொர்க் வந்ததும் சிக்கல் வேற மாதிரி ஆச்சு. டிஸ்கில் எல்லாம் ஒரே அளவு பிளாக். பாக்கெட்டோ ஒரு பைட்டும் இருக்கும், ஆயிரம் பைட்டும் இருக்கும். போகிற வழியில் டிசிபி ஒரு தலைப்பு ஒட்டும், ஐபி ஒன்று, ஈதர்நெட் ஒன்று. ஒவ்வொரு தடவையும் மொத்தத்தையும் நகர்த்தி முன்னால் இடம் பண்ண முடியுமா? 1981-ல் பிபிஎன் நிறுவனத்தில் ராப் குர்விட்ஸ் வாக்ஸ் யூனிக்ஸுக்கு டிசிபி/ஐபி எழுதியபோது 128 பைட் துண்டுகளைச் சங்கிலியாகக் கோர்த்தார். அதுதான் எம்பஃப். தலைப்பு ஒட்டணுமா, முன்னால் இன்னொரு துண்டைக் கோர்த்துவிட்டால் போச்சு. பெர்க்லிக்காரர்கள் அதை எடுத்து வளர்த்து 1983-ல் 4.2பிஎஸ்டி-யில் வெளியிட்டார்கள். துண்டு துண்டாகப் படிக்க, எழுத ரீட்வி, ரைட்வி என்ற சிஸ்டம் கால்களும் அதே வெளியீட்டில் வந்தன.

லினக்ஸ் ஆட்கள் இதை அப்படியே எடுக்கவில்லை. ஆலன் காக்ஸ் 1996-ல் லினக்ஸ் ஜர்னலில் எஸ்கேபஃப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அங்கே ஒரு பாக்கெட் என்றால் ஒரே துண்டு. தலைப்புகளுக்கு முன்கூட்டியே முன்னால் இடம் விட்டு வைத்துக்கொள்வது. கோடு எளிது, வேகமும் உண்டு. ஆனால் டிஸ்கில் இருக்கிற ஃபைலை நெட்வொர்க்கில் அனுப்பும்போது, ஏற்கனவே மெமரியில் கிடக்கிற பக்கங்களை எதற்கு மறுபடி காப்பி பண்ணணும்? 2001-ல் 2.4.4 கெர்னலில் எஸ்கேபஃபின் வாலில் பக்கங்களின் பட்டியல் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. சங்கிலி வேண்டாம் என்று ஆரம்பித்தவர்களும் சிதறலுக்கு வந்து சேர்ந்தார்கள் :)

டிஸ்க் பக்கத்தில் 2.4 வரைக்கும் நடந்தது இன்னும் வேடிக்கை. பெரிய ரிக்வெஸ்ட் ஒன்று வந்தால் அதைச் சின்னச் சின்ன பஃபர்ஹெட்களாக உடைப்பார்கள். கீழே வரிசைப்படுத்தும் பகுதி அதையெல்லாம் பார்த்து "அட, இதெல்லாம் பக்கத்துப் பக்கத்து செக்டார்" என்று திரும்ப ஒட்டும். தேங்காயை உடைத்துவிட்டு மறுபடி பசை போட்டு ஒட்டுகிற மாதிரி. 2001 டிசம்பரில் 2.5.1-ல் ஜென்ஸ் ஆக்ஸ்போ பயோ என்ற அமைப்பைக் கொண்டுவந்தார். எந்தப் பக்கம், உள்ளே எங்கே ஆரம்பம், எவ்வளவு நீளம் என்ற மூன்றே விஷயம் கொண்ட பட்டியல் அது. உடைக்கிற வேலை மிச்சம்.

மிஞ்சியது ஒரு தொல்லை. டிரைவருக்குக் கொடுக்கிற கடைசிப் பட்டியலான ஸ்கேட்டர்லிஸ்ட்டும் மெமரியில்தானே இருக்கணும்? அதற்கும் ஒரு பக்கத்துக்கு மேல் தொடர்ச்சியான இடம் கிடைப்பது நிச்சயமில்லை. 64 பிட் பிசியில் ஒரு வரி 32 பைட். ஆக ஒரு பக்கத்தில் 128 வரி, வரிக்கு 4 கேபி என்றால் மொத்தம் 512 கேபி. சிதறலைச் சமாளிக்கப் போட்ட பட்டியலே சிதறலில் மாட்டிக்கொண்டது! இதற்கும் ஆக்ஸ்போதான் வழி செய்தார். 2008 ஜனவரியில் வந்த 2.6.24-ல், பட்டியலின் கடைசி வரியில் தகவலுக்குப் பதில் அடுத்த பட்டியலின் முகவரி. "மீதி அடுத்த தாளில்." 1964-ல் ஐபிஎம் சானல் செய்த அதே காரியம், 44 வருஷம் கழித்து!

இப்ப என் 508 புரிந்திருக்கும். 128 வரியில் கடைசி வரி "மீதி அடுத்த தாளில்". நிஜத் தகவல் 127 வரிதான். 127 x 4 = 508. எங்கள் பழைய டிரைவர் பட்டியலை அர்ரே என்று நினைத்து வரிசையாக எண்ணிக்கொண்டே போனது. "மீதி அடுத்த தாளில்" என்பதையும் ஒரு பயணியின் பெயராகப் படித்துவிட்டு, தாளின் விளிம்பைத் தாண்டி, மெமரியில் அடுத்தாற்போல் கிடந்ததையெல்லாம் முகவரி என்று கார்டுக்குக் கொடுத்தது. புதிதாக பூட் ஆன மெஷினில் பக்கங்கள் ஒட்டி ஒட்டிக் கிடைக்கும், பத்துப் பன்னிரண்டு வரியில் வேலை முடிந்துவிடும். அதனால்தான் டெஸ்ட்டில் மாட்டவில்லை. நாலு நாள் ஓடி மெமரி சிதறின பிறகுதான் 128 வரி தாண்டியது. ஒன்றைக் கூட்டுகிற இடத்தில் எஸ்ஜி_நெக்ஸ்ட் என்று மாற்றினேன். ஒரு வரி. பத்து நாள்.

என் கதையில் கெட்டுப்போனது டெஸ்ட் ஃபைல்கள்தான். 2021-ல் ஆரம்பித்தது அப்படியில்லை. மாக்ஸ் கெல்லர்மான் என்பவரிடம் வாடிக்கையாளரின் லாக் ஃபைல் கெட்டுவிட்டது என்று புகார் வந்தது. சுருக்கி வைத்த ஃபைலின் கடைசி எட்டு பைட் மாறியிருந்தது, அதுவும் பெரும்பாலும் மாதக் கடைசி நாளின் ஃபைலில் மட்டும். மனுஷன் விடவில்லை. துருவித் துருவிக் கெர்னலுக்குள் போய்விட்டார்.

பைப் என்பதும் உள்ளே ஒரு பட்டியல்தான். 2006-ல் வந்த ஸ்ப்ளைஸ், ஃபைலின் பக்கத்தைக் காப்பி பண்ணாமல் அப்படியே பைப்பின் பட்டியலில் சேர்த்துவிடும். ஒவ்வொரு வரியிலும் சில கொடிகள். ஒரு கொடிக்கு அர்த்தம் "இந்தப் பக்கத்தில் மிச்ச இடம் இருக்கு, அடுத்து வருவதை இங்கேயே ஒட்டலாம்". 2016-ல் சேர்த்த கோடு, வரியை நிரப்பும்போது பழைய கொடியை அழிக்க மறந்தது. நாலு வருஷம் அதனால் ஒன்றுமில்லை. 2020-ல் 5.8 கெர்னலில் இன்னொரு மாற்றம் வந்ததும் அது வினையாகிவிட்டது. பைப்பில் யாரோ எழுதியது, படிக்க மட்டும் அனுமதி உள்ள ஃபைலின் மெமரிப் பக்கத்திலேயே போய் விழுந்தது. சாதாரண யூசர் ரூட் ஆகிவிடலாம். டர்ட்டி பைப் என்று பெயர் வைத்து 2022 மார்ச் 7-ல் வெளியிட்டார். திருத்தம், கொடியைச் சுழியமாக்கும் இரண்டே வரிகள்.

இந்த அறுபது வருஷக் கதையில் எனக்குப் படுவது இதுதான். காப்பி பண்ணினால் மெதுவாக இருக்கும், ஆனால் அது உங்களுடையது. பட்டியலில் சுட்டிக்காட்டினால் வேகம், ஆனால் அந்தப் பக்கம் இன்னொருவருடையதும்கூட. வேகத்துக்காக ஒவ்வொரு காப்பியை எடுக்கும்போதும், "யாருடைய பக்கம், யார் எழுதலாம்" என்ற கேள்விக்கு யாராவது பதில் எழுதி வைத்தாகணும். எழுத மறந்த இடத்தில்தான் எல்லாக் கூத்தும் நடக்குது.

அப்பா அந்தத் துண்டுத்தாளை வண்டி கிளம்பினதும் ஒரு தடவை, ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் ஒரு தடவை எடுத்துச் சரிபார்ப்பார். சின்ன வயசில் சிரிப்பாக இருக்கும். இப்ப சிரிக்கிறதில்லை.