கைக்குட்டை திணித்த தொப்பி

1767 அக்டோபர் 19. நேப்பிள்ஸ் நகரை ஒட்டி நிற்கும் வெசூவியஸ் மலை சில நாட்களாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அதன் சரிவில் எரிமலைக் குழம்பு வழிந்தோடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் பிரிட்டிஷ் தூதர் வில்லியம் ஹாமில்டன். துணைக்கு ஒரே ஓர் ஆள், வழி தெரிந்த உள்ளூர் விவசாயி. திடீரென்று மலைக்குள் பெரும் சத்தம். சற்றுத் தொலைவில் தரை பிளந்து நெருப்பு ஊற்றாகப் பீறிட்டது. கல்மழை கொட்டியது, புகை சூழ்ந்து இருண்டது. விவசாயி ஒரு வார்த்தை பேசவில்லை, பிடித்தார் ஓட்டம். மாட்சிமை தங்கிய மன்னரின் பிரதிநிதியும் கௌரவம் பார்க்காமல் பின்னாலேயே ஓடினார். கிட்டத்தட்ட மூன்று மைல் தூரம் நிற்காமல் ஓடியதாக அவரே பிறகு எழுதிவைத்தார். இப்படி உயிர் பிழைத்தவர் அந்த மலைப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்கக் கூடாது. ஆனால் ஹாமில்டனுக்குப் பித்துப் பிடித்ததே அதன் பிறகுதான்.

1764இல் நேப்பிள்ஸுக்கு வந்த அவருக்குத் தூதர் வேலை அதிகம் இல்லை. மீதி நேரமெல்லாம் பழைய கிரேக்கச் சாடிகளுக்கும் வெசூவியஸுக்கும் போயிற்று. மலை கக்கியதையெல்லாம் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். பியெத்ரோ ஃபாப்ரிஸ் என்ற ஓவியரைக் கூட்டிப்போய் வரையச் சொல்லி, 1776இல் கையால் வண்ணம் தீட்டிய படங்களோடு ஒரு பெரிய புத்தகமே போட்டார். ஐரோப்பியப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிப்பை முடித்ததும் இத்தாலியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய காலம் அது. சிபாரிசுக் கடிதத்தோடு தூதர் வீட்டுக் கதவைத் தட்டியவர்களில் பலருக்கு ஆசை ஒன்றுதான்: மலைக்கு மேலே போக வேண்டும்.

தூதர் கூட்டிப்போனார் என்று புத்தகங்கள் சொல்கின்றன. உண்மையில் தூதரையே கூட்டிப்போனவர் வேறொருவர். பார்த்தொலோமியோ என்று பெயர். ஒரு கண் இல்லாதவர் என்பதால் கிரேக்கக் கதைகளில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயரை வைத்து ‘வெசூவியஸின் சைக்ளோப்ஸ்’ என்றே அழைக்கப்பட்டவர். 1779 மே மாதம் ஹாமில்டனும் ஓர் ஆங்கிலேய நண்பரும் மலைமேல் இரவு தங்கியிருந்தபோது காற்று திசை மாறியது. ஒரு பக்கம் குழம்பு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கத்திலிருந்து மூச்சை அடைக்கும் புகை அவர்களை நோக்கித் திரும்பியது. போக வழியில்லை. ஒற்றைக்கண்ணர் சொன்ன யோசனை ஒன்றுதான். குழம்பின் மேலேயே நடந்து அக்கரைக்குப் போய்விடலாம்!

சொன்னதோடு நிற்கவில்லை, முதலில் அவரே இறங்கினார். ஓடும் குழம்பின் மேல்பரப்பு குளிர்ந்து கருங்கட்டிகளாக இறுகியிருந்தது. அது ஆளைத் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். ஐம்பது, அறுபது அடி அகலம். காலிலும் கணுக்காலிலும் சூடு ஏறியதைத் தவிர மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எரிமலை இயலுக்குத் தந்தை என்று ஹாமில்டனைச் சொல்வது வழக்கம். அந்தத் தந்தையைக் காப்பாற்றிய கண் ஒன்றுதான் என்பதைப் பலரும் சொல்வதில்லை. அந்தக் கண்ணுக்கு இருந்த அறிவு ஒரு தொழிலாக மாற அதிக நாள் ஆகவில்லை.

1787 மார்ச்சில் ஜெர்மன் கவிஞர் கதே வந்தபோது முறை ஏறக்குறைய உருவாகியிருந்தது. வழிகாட்டி இடுப்பில் தோல்வார் கட்டியிருப்பார். வருகிறவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையில் தடியோடு சாம்பல் சரிவில் ஏற வேண்டியது. அன்று மலை உறுமுவதும் கற்களை வீசுவதுமாக இருந்தது. கூட வந்த ஓவியர் திஷ்பைனுக்கு இந்த அவலட்சணமான மலையே பிடிக்கவில்லை. கதே மட்டும் கவனித்துக்கொண்டே இருந்தார். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தது. அதற்குள் மேலே போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாதா?

இரண்டு வழிகாட்டிகளில் இளையவர் துணிந்தார். இருவரின் தொப்பிக்குள்ளும் லினன், பட்டுக் கைக்குட்டைகளைத் திணித்தார்கள். விழும் கல்லிலிருந்து மண்டையைக் காக்க அன்றைக்குக் கிடைத்தது அவ்வளவுதான். கற்கள் விழுந்து ஓய்ந்தன, சாம்பல் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது, ஓடினார்கள். எரிமலை வாயின் விளிம்பில் நின்றார்கள். உள்ளே புகையைத் தவிர ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. தெரியும் தெரியும் என்று நின்றதில் இடைவெளியைக் கணக்கில் வைக்க மறந்துபோனார்கள். இடி இடித்தது. கற்களின் கூட்டம் ஒன்று தலையை உரசுவதுபோல் பறந்து போயிற்று. குனிந்தால் காப்பாற்றும் என்பதுபோல் இருவரும் குனிந்தார்கள். பிழைத்தார்கள். தொப்பியும் தோளும் சாம்பலாக இறங்கி வந்தார்கள்.

இதெல்லாம் வெசூவியஸில் நடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1631இல் பெரிதாக வெடித்ததிலிருந்து அந்த மலை நீண்ட காலம் ஓயவே இல்லை. அவ்வப்போது சீறும், பல நாட்கள் சும்மா புகையும், சில நாட்கள் அளவாக நெருப்பு காட்டும். பக்கத்திலேயே பெரிய துறைமுக நகரம், சாலை, விடுதி. அடிவாரத்தில் இருந்த ரெசினா கிராமம் இதை வைத்தே பிழைத்தது. கழுதை வாடகை, தடி வாடகை, டோலி தூக்கும் கூலி, பாதி வழியில் ஒயின், குழம்பின் சூட்டில் சுட்ட முட்டை, இளகிய குழம்பில் நாணயத்தை அழுத்தி எடுத்த நினைவுப்பொருள் என்று எல்லாவற்றுக்கும் விலை இருந்தது. ஆனால் எல்லாமே ஒரு நாள் கூத்து. காலையில் ஏறி இரவில் இறங்கி, நகரத்து மெத்தையில் படுத்துவிடலாம். மலையிலேயே தங்குவதற்கான ஏற்பாடு பிறந்தது இன்னொரு மலையில், அதுவும் ஒரு போரின் புண்ணியத்தில்.

சிசிலித் தீவின் எட்னா 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. ஒரே நாளில் ஏறி இறங்குகிற சமாசாரம் இல்லை. அங்கிருந்து சூரிய உதயம் பார்க்க ரோமப் பேரரசர் ஹேட்ரியனே ஏறினார் என்ற பழைய செய்தி படித்தவர்களை இழுத்தது, குளிர் விரட்டியது. அடிவார ஊரான நிக்கோலோசியைச் சேர்ந்த மாரியோ ஜெம்மெல்லாரோ 1804இல் உச்சிக்கு அருகே சிறிய தங்குமிடம் ஒன்றைக் கட்டினார். அப்போது நெப்போலியனுக்கு எதிராகப் பிரிட்டிஷ் படை சிசிலியில் முகாமிட்டிருந்தது. பொழுது போகாத அதிகாரிகளுக்கு மலை பிடித்துப்போயிற்று. அவர்கள் தந்த பணத்தில் 1811இல் பெரிய வீடாகவே எழுந்தது. பெயரும் ‘ஆங்கிலேயர் வீடு’ என்று ஆயிற்று. முதல் நாள் அடிவாரம், இரவு மலை வீடு, மறுநாள் விடியலில் உச்சி என்ற ஒழுங்கு அங்கேதான் உருவானது. அது நேப்பிள்ஸின் ஒரு நாள் கூத்தோடு வந்து சேர இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் வெசூவியஸில் நிறைய நடந்தது.

1845இல் சார்லஸ் டிக்கன்ஸ் ஏறினார், பனி உறைந்த இரவில். பெண்கள் டோலியில் போனார்கள். கூட்டத்தில் இருந்த கனத்த கனவான் ஒருவரைத் தூக்கப் பதினைந்து பேர் தேவைப்பட்டார்கள். தொப்பியில் தங்கப்பட்டை கட்டிய தலைமை வழிகாட்டியோடு டிக்கன்ஸ் விளிம்புவரை தவழ்ந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு, உடையில் அங்கங்கே தீப்பற்றித் திரும்பினார். இறங்கும்போது பனிச்சறுக்கலில் வழிகாட்டிகளே உருண்டு விழுந்தார்கள். இத்தனையும் எழுதி அவர் அச்சிட்ட பிறகு கூட்டம் குறைந்திருக்கும் என்று நினைத்தால் அது மனித சுபாவம் தெரியாத நினைப்பு.

விலை கொடுக்கும் நாள் 1872 ஏப்ரல் 26இல் வந்தது. முந்தைய இரவு குழம்பு ஓடுவதைப் பார்க்கக் கும்பல் கும்பலாக ஆட்கள் ஏறினார்கள். சரிவில் 1841இலேயே நிறுவப்பட்டிருந்த ஆய்வகத்தின் தலைவர் லூயிஜி பால்மியேரி, அனுபவமில்லாத வழிகாட்டிகளோடு போனவர்களைப் பற்றி வருத்தத்தோடு குறித்துவைத்தார். விடியற்காலையில் அவர்கள் நின்ற பள்ளத்துக்குப் பக்கத்திலேயே மலை பிளந்தது. மருத்துவ மாணவர்கள் உட்படப் பலர் அங்கேயே மாண்டார்கள். பால்மியேரி ஆய்வகத்தை விட்டு நகராமல் கருவிகளின் அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தார். மலை எப்போது கோபப்படும் என்பதைக் கருவி கொஞ்சமாவது முன்கூட்டிச் சொல்லும் என்று அவர் நம்பினார். முதலாளிகள் வேறொன்றை நம்பினார்கள்: இரும்பு.

1880 ஜூனில் எரிமலை வாய்க்குக் கீழே வரை கயிறு இழுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. பழனி மலையில் விஞ்ச் ஏறுகிறதே, அதே வித்தைதான். என்ன, இங்கே மேலே இருந்தது கோயில் அல்ல. அதைக் கொண்டாடி டென்ஸா இசையமைத்த ‘ஃபுனிகுலி ஃபுனிகுலா’ பாட்டு ரயிலை முந்திக்கொண்டு உலகம் சுற்றியது. ரெசினாவின் வழிகாட்டிகளுக்குப் பாட்டு இனிக்கவில்லை. தலைமுறைப் பிழைப்பு போகிறதே! ரயில் தாமஸ் குக் நிறுவனத்தின் கைக்கு வந்ததும் பகை முற்றியது. நிலையத்துக்குத் தீ வைத்தார்கள், கயிற்றை அறுத்தார்கள், ஒரு பெட்டியையே மலையிலிருந்து உருட்டிவிட்டார்கள். கடைசியில் நிறுவனம் இறங்கிவந்து அவர்களோடு உடன்பாடு செய்துகொண்டது. மனிதர்கள் சமாதானமாகிவிட்டார்கள். மலை ஆகவில்லை.

1906இல் வெசூவியஸ் வெடித்து ரயிலை நொறுக்கியது, திரும்பக் கட்டினார்கள். 1944 மார்ச்சில், இரண்டாம் உலகப்போரின் நடுவே, மறுபடி வெடித்து நொறுக்கியது. விமான தளத்தில் நின்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களும் சாம்பலில் நாசமாயின. இந்தத் தடவை ரயில் பழையபடி எழவில்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, மலையும் எழவில்லை. முந்நூறு ஆண்டுகளாகச் சீறிக்கொண்டிருந்த வெசூவியஸ் 1944க்குப் பிறகு அடங்கிப்போனது. நெருப்பு பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட நேப்பிள்ஸில் நெருப்பு இல்லை.

நெருப்பு இருந்த இடம் தெற்கே, கடலுக்கு நடுவில். ஸ்ட்ராம்போலி என்ற சின்னத் தீவு. தீவே எரிமலை, 924 மீட்டர் உயரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை சிவப்புப் பொறி தூவிக்கொண்டே இருப்பது. மாலுமிகள் அதை மத்திய தரைக்கடலின் கலங்கரை விளக்கம் என்றார்கள். ஊர்க்காரர்களோ ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போய், தீவு காலியாகிக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற வந்தது ஒரு கிசுகிசு.

1949இல் இயக்குநர் ரோஸ்ஸெலீனி, ஹாலிவுட் நட்சத்திரம் இங்கிரிட் பெர்க்மனை வைத்து அங்கே படம் எடுத்தார். இருவருக்கும் காதல், இருவரும் ஏற்கனவே மணமானவர்கள். ரோஸ்ஸெலீனி கைவிட்ட காதலி அன்னா மன்யானி அதே நேரத்தில் பக்கத்துத் தீவான வல்கானோவில் போட்டிப் படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். மன்யானியின் படம் ரோமில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 1950 பிப்ரவரி 2 அன்றே பெர்க்மனுக்குக் குழந்தை பிறக்க, பத்திரிகைகள் படத்தை மறந்துவிட்டுக் குழந்தையின் பின்னால் ஓடின. எரிமலை இயலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் அதிகம் பேர் கேள்விப்படாத இரண்டு எரிமலைத் தீவுகளின் பெயர் உலகம் முழுக்க அச்சேறியது இப்படித்தான். சில ஆண்டுகளில் எரிமலை ஆய்வாளர் ஹரூன் தசியெஃப் உலகின் எரிமலைகளை ஏறிப் படம்பிடித்து 1959இல் திரையில் காட்டினார். முதுகுப்பையோடு இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். ஸ்ட்ராம்போலியின் உச்சியில் சாம்பலில் படுத்து, இரவெல்லாம் வெடிப்பு பார்த்தார்கள். கேட்பாரில்லை.

கேட்க வைத்தது எட்னா. 1979 செப்டம்பர் 12 அன்று உச்சிக்கு அருகே சுற்றுலாப் பயணிகள் நின்றுகொண்டிருந்தபோது, அடைபட்டிருந்த ஒரு வாய் முன்னறிவிப்பே இல்லாமல் வெடித்தது. கற்கள் பாய்ந்ததில் ஒன்பது பேர் இறந்தார்கள். ஏறக்குறைய பத்தாண்டு கழித்து, 1989 ஜனவரியில், மலை வழிகாட்டிகளுக்காக இத்தாலி இயற்றிய சட்டத்தில் எரிமலை வழிகாட்டிகளுக்கென்று தனியாக ஒரு பிரிவு சேர்ந்தது. ஒற்றைக்கண் பார்த்தொலோமியோவின் வேலை சட்டப் புத்தகத்தில் ஏற இருநூறு ஆண்டு பிடித்திருந்தது!

அதன் பிறகு துண்டுகள் ஒட்டிக்கொண்டன. நேப்பிள்ஸில் இறங்கி, அடங்கிய வெசூவியஸின் விளிம்பில் ஒரு நடை. இரவுக் கப்பலில் ஸ்ட்ராம்போலி. அடுத்து கந்தக நெடி வீசும் வல்கானோ. கடைசியில் எட்னாவின் லாவாக் காடு. எல்லாவற்றுக்கும் ஒரே வழிகாட்டிக் குழு, ஏழெட்டு நாள், ஒரே கட்டணம். பயண நிறுவனங்களின் பட்டியலில் இன்று சாதாரணமாகக் கிடக்கும் ‘எரிமலை நடைப் பயணம்’ இந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது. வெசூவியஸ் எரிந்துகொண்டே இருந்திருந்தால் அது இன்னமும் நேப்பிள்ஸில் ஒரு நாள் கூத்தாகவே நின்றிருக்கும் என்பது என் கணிப்பு. கைக்குட்டை போய் ஹெல்மெட் வந்திருக்கிறது. வெடித்தால் முதுகைக் காட்டி ஓடாதே, கல் எங்கே விழுகிறது என்று அண்ணாந்து பார்த்து விலகு என்பது முதல் பாடம். வழிகாட்டி இன்னமும் இடைவெளியை எண்ணுகிறார். கையில் கண்காணிப்பு மையத்தோடு பேசும் வாக்கிடாக்கி மட்டும் கூடுதல்.

2019 ஜூலை 3 அன்று ஸ்ட்ராம்போலி வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆக்ரோஷமாக வெடித்து மலை ஏறிக்கொண்டிருந்த ஒருவரின் உயிர் போனது. உச்சி மூடப்பட்டது. அதற்குப் பின் பயணிகள் எந்த உயரம் வரை போகலாம் என்பதை மேயரின் உத்தரவு தீர்மானிக்கிறது. மலையின் மூடு பார்த்து அது மாறுகிறது. நிகழ்ச்சிநிரலில் உச்சி என்று அச்சடித்துத் தர இப்போது நிறுவனங்கள் தயங்குகின்றன. ஏற அனுமதி கிடைக்காத மாலைகளில் குழுவைப் படகில் ஏற்றி, தீவின் மறுபக்கத்தில் கரிய சரிவுக்கு எதிரே கடலில் நிறுத்துகிறார்கள். நெருப்புத் துண்டுகள் உருண்டுவந்து தண்ணீரில் விழுவதை அங்கிருந்தே பார்த்துவிடலாம். படகுக்காரர்களுக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம்.