தெங்கர் மலையூர்கள்

தெங்கர் மலையூர்கள் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், புரோமோ எரிமலையைச் சூழ்ந்த சரிவுகளில் உள்ள உழவர் ஊர்கள். ஜாவாவின் பெரும்பகுதி இஸ்லாத்தைத் தழுவிய பின்னும் இவ்வூரார் பழைய சிவநெறிச் சடங்குகளைக் கைவிடாதவர்கள் என்பதால், இவ்வூர்களைப் பற்றி எழுதியவர்களில் பலர் சமயத்தையே முன்னிறுத்தினர். ஆனால் இவ்வூர்களை இத்தனை காலம் நிலைநிறுத்தியதில் புன்செய் உழவுக்கும், நிலம் உழுபவர் கையிலேயே இருந்ததற்கும் சமயத்துக்குக் குறையாத பங்கு உண்டு.

அமைவிடமும் மக்களும்

புரோமோவின் உயரம் 2,329 மீட்டர். அதைச் சுற்றிக் கிடக்கும் பழைய எரிமலைப் பெருங்குழியின் தரை முழுவதும் சாம்பல்மணல். உள்ளூரார் அதை மணற்கடல் என்கின்றனர். தெற்கே ஜாவாவின் மிக உயர்ந்த சிகரமான செமேரு, 3,676 மீட்டர். பெருங்குழியின் விளிம்பிலும் வெளிச்சரிவுகளிலும் உள்ள ஊர்கள் பசுருவான், புரோபொலிங்கோ, மலாங், லுமாஜாங் என்னும் நான்கு மாவட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. தோசாரி, வோனோகித்ரி, ங்கடிசாரி, ங்கடாஸ், ரானு பானி ஆகியவை பெயர்பெற்றவை. ங்கடாசும் ரானு பானியும் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளன.

வீடுகள் மலைமுகடுகளில் நெருக்கமாக நிற்கும். கீழே, ஆள் நிற்கவே சிரமமான சரிவிலும் பயிர் இருக்கும். இந்த உயரத்தில் நெல் வராது. ஜூலை, ஆகஸ்ட் மாத இரவுகளில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்கு இலைகளைக் கருக்கிவிடுவதும் உண்டு. ஆணும் பெண்ணும் கழுத்தைச் சுற்றிச் சாரம் போர்த்தியிருப்பார்கள். போர்த்தும் முறையும் முடிச்சும் வேலைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று என வேறுபடும்.

1980-களின் ஆய்வுகள் 28 ஊர்களில் ஏறத்தாழ 40,000 பேர் எனக் கணக்கிட்டன. பிற்கால மதிப்பீடுகள் இதனினும் கூடுதல். இந்து எனப் பதிந்தவர்களை மட்டும் எண்ணுவதா, இஸ்லாத்தையும் பௌத்தத்தையும் சார்ந்த தெங்கர் குடிகளையும் சேர்ப்பதா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது.

தொன்மமும் சாசனமும்

மலையின் பெயர் ரோரோ அந்தெங், ஜோகோ செகெர் என்னும் இணையரின் பெயர்களது கடைசி அசைகள் சேர்ந்து உண்டானது என்பது மரபு. பிள்ளையில்லாத இருவரும் மலைத்தெய்வத்தை வேண்டி 25 பிள்ளைகளைப் பெற்றனர் என்றும், கடைசிப் பிள்ளையான குசுமா எரிமலைக்குள் சென்று மற்றவர்களைக் காத்தான் என்றும், தன் உடன்பிறந்தாரின் வழியினர் ஆண்டுதோறும் விளைச்சலில் பங்கு தரவேண்டும் எனக் கேட்டான் என்றும் கதை சொல்கிறது. தெங்கர் நாட்காட்டியின் கசாடா மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் காணிக்கை விழா இக்கதையை அடிப்படையாகக் கொண்டது. விடியற்காலையில் மக்கள் புரோமோவின் வாய்விளிம்பில் ஏறி, முட்டைக்கோசும் வெங்காயமும் கோழியும் காசும் உள்ளே எறிவார்கள். உட்சரிவில் வேற்றூர் ஏழைகள் நீண்ட கழியில் வலை கட்டிக்கொண்டு நின்று, விழுவதைப் பிடித்துக்கொள்வார்கள். இதை யாரும் தடுப்பதில்லை.

தெங்கர் மக்கள், ஜாவாவின் பழைய இந்து-பௌத்த அரசான மஜாபாகித்தின் வீழ்ச்சிக்குப் பின், 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ மலைக்குத் தப்பி வந்த இந்துக்கள் என்ற கருத்து பரவலாக உள்ளது. 1880-இல் இப்பகுதியில் கிடைத்த செப்பேடு இதற்கு மாறாக நிற்கிறது. வலந்தித் என்னும் ஊரார் புனித மலைக்குத் தொண்டு செய்பவர்கள் ஆதலால் அவர்களிடம் வரி கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். அதன் காலத்தை 1405 எனச் சிலரும் 1381 எனச் சிலரும் படிக்கின்றனர். எதை ஏற்றாலும், மஜாபாகித் சாயும் முன்பே இங்கு மலைவழிபாட்டுக் குடிகள் இருந்தன என்பது தெளிவு. பிறகு அகதிகளும் வந்து கலந்திருக்கலாம் என்பதே இன்று பலரும் ஏற்கும் சமரசம். ஊர்ப் பூசாரிகளான துக்குன்களிடம் புனித நீருக்காக வழிவழியாக இருந்துவரும், இராசிச் சின்னங்கள் பொறித்த வெண்கலக் கிண்ணங்களும் பெரும்பாலும் 14-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை.

அடுத்த இருநூறு ஆண்டுகளுக்குச் செய்தி அரிது. 1686 முதல் பசுருவானை ஆண்ட உந்துங் சுராபதியும், 1706-இல் அவர் இறந்த பின் அவருடைய வழியினரும், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த போர்களில் இம்மலைகள் புகலிடமாயின.

ஐரோப்பியர் குறிப்புகள்

ஜாவாவின் ஆங்கிலேயத் துணைநிலை ஆளுநராக இருந்த இராஃபிள்ஸ், 1817-இல் வெளியிட்ட ஜாவா வரலாற்று நூலில் தெங்கர் மக்களைப் புகழ்ந்து எழுதினார். குற்றம் அறியாதவர்கள், அபினும் சூதும் தொடாதவர்கள் என்பது அவர் தரும் சித்திரம். ஏறத்தாழ 40 ஊர்கள், 1,200 பேர் என்றும் குறித்தார். ஓர் ஊருக்கு 30 பேர்தான் என்றாகும் அக்கணக்கை அப்படியே கொள்வது கடினம். பலகை வீடுகளையும் உள்ளே இருந்த பெரிய செங்கல் அடுப்பையும் அவர் கவனித்து எழுதியது இன்றைக்கும் மதிப்புள்ள குறிப்பு. தெங்கர் வீட்டில் விருந்தாளிக்கு உரிய இடம் இன்றும் அடுப்படிதான்.

1830-இல் டச்சு அரசு தொடங்கிய கட்டாயப் பயிர்முறையில் நடுச்சரிவுகள் காப்பிக்காடாயின. மதுரா தீவிலிருந்தும் சமவெளியிலிருந்தும் முஸ்லிம் குடிகள் திரளாக வந்து அங்கே குடியேறினர். காப்பி தாங்காத குளிர் மேல்மலையைப் பெருமளவு காத்தது. தெங்கர் குடிகள் உச்சியில் தனித்து நின்றதற்கு இதுவே முதற்காரணம் எனலாம். 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் தலைகாட்டிய இலைத்துரு நோய் 1870-களில் ஜாவாவையும் அடைந்து, காப்பியின் பெருங்காலத்தை முடித்துவைத்தது.

மேல்மலைக்கு ஐரோப்பியர் கொண்டுவந்தவை உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும். தோசாரி மலைவாச இடமாகவும் சானடோரியமாகவும் வளர, அங்கே தங்கிய வெள்ளையருக்காகவும் பசுருவான் சந்தைக்காகவும் மலையார் காய்கறி பயிரிட்டுக் குதிரையிலும் தோளிலும் இறக்கினர். ஆனாலும் அவர்களது உணவு மக்காச்சோளம்தான். தோசாரியில் மருத்துவராக இருந்த கோல்புருக்கே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், அதிகாரி யாஸ்பர் 1920-களிலும் சடங்குகளை விரிவாகப் பதிந்தனர். ஜப்பானிய ஆட்சியில் (1942–45) கட்டாயத் தானியக் கொள்முதலும் பசியும் மலையையும் எட்டின. 1965–66-இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக நாட்டில் நடந்த வன்முறையில் நடுச்சரிவு ஊர்களின் இழப்பு மேல்மலையினதைவிட அதிகம் எனப் பதிவாகியுள்ளது.

உருளைக்கிழங்குக் காலம்

தெங்கர் வரலாற்றில் மிக நன்றாக அறியப்பட்ட பகுதி 1970 முதல் 1985 வரையிலான பதினைந்து ஆண்டுகள். அமெரிக்க மானிடவியலாளர் இராபர்ட் ஹெஃப்னர் 1970-களின் இறுதியிலும் 1985-இலும் இம்மலையில் தங்கி ஆய்ந்து, 1985-இல் சமயம் பற்றியும் 1990-இல் உழவும் பொருளாதாரமும் பற்றியும் இரு நூல்கள் வெளியிட்டார்.

1970-க்கு முந்தைய உழவின் நடுநாயகம் வெள்ளை மக்காச்சோளம். மேல்மலைக் குளிரில் அது முற்ற எட்டு ஒன்பது மாதமாகும். அறுத்த கதிர்களின் மேலுறையைப் பின்னுக்கு உரித்து, கட்டுக்கட்டாக முடிந்து, வீட்டோரம் நட்ட உயரமான மரச்சட்டத்தில் அடுக்கித் தொங்கவிடுவார்கள். சிகிரான் எனப்படும் இச்சட்டம் மஞ்சளும் வெண்மையுமாக நிறைந்து நின்றால் அந்த வீட்டுக்கு அடுத்த அறுவடைவரை கவலையில்லை. தேவைக்கு எடுத்த மணியைச் சில நாள் ஊறவைத்து, இடித்து, ஆவியில் வேகவைத்தால் அரோன். அவித்த மணத்தக்காளிக் கீரையோடும் மிளகாய்த் துவையலோடும் இதை உண்பர். கட்டியாக, வயிற்றில் நெடுநேரம் நிற்கும் உணவு. குளிரில் கொத்துபவனுக்கு ஏற்றது.

1970-களில் சாலையும் லாரியும் மேலேறின. இரசாயன உரமும் பூச்சிமருந்தும் கூடவே வந்தன. மூன்று நான்கு மாதத்தில் எடுத்துவிடக்கூடிய உருளைக்கிழங்கு, ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே வரும் சோளத்தை ஓரத்துக்குத் தள்ளியது. முட்டைக்கோசும் வெங்காயத்தாளும் அதன் துணைப்பயிர்கள். மாற்றத்தின் விலை விதையிலேயே தெரிந்தது. சோளத்துக்குச் சில படி விதை போதும். உருளைக்கிழங்குக்கு ஒரு ஹெக்டேருக்கு ஒரு டன்னுக்கும் மேல் விதைக்கிழங்கு வேண்டும். அதன்மேல் உரம், மருந்து. ஈரப்பனி தொடர்ந்தால் இலைக்கருகல் நோய் ஒரே வாரத்தில் காட்டைக் காலி செய்துவிடும். விலை ஏறிய ஆண்டில் காரைவீடும் மோட்டார் சைக்கிளும் வந்தன. விழுந்த ஆண்டில் கடனே மிஞ்சியது. கைம்மாற்றாக ஒருவர் காட்டில் ஒருவர் உழைக்கும் வழக்கம் குறைந்து கூலி வேலை பெருகியது.

இருந்தும் சமவெளியில் பசுமைப்புரட்சியோடு வந்த பிளவு இங்கே அதே அளவில் நேரவில்லை என்பது ஹெஃப்னரின் கணிப்பு. மேல்மலையில் நிலமற்றவர்கள் குறைவு. பெரும்பாலான வீடுகளுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் புன்செய் இருந்தது. ஒருவர் ஏவ ஒருவர் செய்யும் வாழ்வு கீழ்நாட்டாருடையது, மலையாருடையது தன் காட்டில் தானே பாடுபடுவது என்ற பெருமிதத்தை அவர் மீண்டும் மீண்டும் கேட்டார். செல்வர் வீட்டுப் பெண்ணும் காட்டில் இறங்கிக் களையெடுத்தாள். பேச்சும் இதற்கு இசைந்தது. ஜாவா மொழியின் உயர்வு தாழ்வு வழக்குகள் இங்கே அவ்வளவாக வேர்விடவில்லை.

சமயத்திலும் இக்காலமே திருப்பம். 1965-க்குப் பின் ஒவ்வொரு குடிமகனும் அரசு ஏற்ற சமயம் ஒன்றைச் சார்ந்தவராகப் பதிய வேண்டிய நிர்ப்பந்தம் வந்தது. 1970-களின் முற்பகுதியில் தெங்கர் ஊர்த்தலைவர்கள் பலர் பாலியை மையமாகக் கொண்ட பாரிசாத இந்து தர்மாவுடன் இணைந்தனர். மலாங் பக்கத்து ங்கடாசில் பலர் பௌத்தம் எனப் பதிந்தனர். தெங்கர் மரபு எதைச் சேர்ந்தது என்ற வாதம் இன்றும் தீரவில்லை. துக்குன்கள் முணுமுணுக்கும் மந்திரங்கள் பாலியின் ரிசி புஜங்கா பூசாரிகளுடையவற்றை ஒத்த சிவநெறிப் பாடங்கள் என ஹெஃப்னர் காட்டினார். ஊரார் பலருக்கு அவற்றின் பொருள் தெரியாது. ஆயினும் ஏட்டைப் பாராமல் தடங்கலின்றி ஓதிக்காட்டியவரே கசாடா இரவில் புதிய துக்குனாக ஏற்கப்படுவார்.

காடும் மண்ணும்

1982-இல் புரோமோ தெங்கர் செமேரு தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பரப்பு 50,276 ஹெக்டேர். ங்கடாசும் ரானு பானியும் பூங்காவுக்குள் தீவுகளாயின. வன எல்லை டச்சுக்காலத்திலேயே வரையப்பட்டுவிட்டதால் உழவுநிலம் விரிய வழியில்லை. உள்ள நிலத்திலேயே ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் எடுக்க வேண்டியதாயிற்று.

தெங்கர் உழவர் பார்களைச் சரிவுக்குக் குறுக்கே போடாமல் மேலிருந்து கீழாகவே போடுவர். மழைநீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பது அவர்கள் தரும் காரணம். அது பட்டறிவின் பாற்பட்டது. மண்ணரிப்புக்கு இதுவே வழி என்பது வேளாண் அதிகாரிகளின் குறை. அதற்கும் சான்று உண்டு. வயல்களிலிருந்து இறங்கிய வண்டலாலும் சால்வினியா என்னும் நீர்ப்பெரணியாலும் ரானு பானி ஏரி சுருங்கியிருக்கிறது. குறுக்குப் பார் போட்டு வடிகாலும் வெட்டலாம் என்போர் உண்டு. கூடுதல் உழைப்பையும் இழக்கும் நிலத்தையும் யார் ஈடுகட்டுவது என்பதில் பேச்சு நின்றுவிடுகிறது.

மண்ணைப் பிடித்து நிறுத்துவதில் வயல் ஓரங்களில் நிற்கும் மலைச்சவுக்குக்குப் பங்குண்டு. விறகும் அடுப்பின் கணப்பும் தருவது இம்மரமே. தீயில் கருகினாலும் அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஜாவாவின் மலைகளை ஆராய்ந்த யுங்ஹூனின் பெயரைத் தாங்கிய இந்த ஜுங்குனியானா இனம், இன்று தமிழ்நாட்டிலும் காகிதக் கூழுக்காக வளர்க்கப்படுகிறது.

அண்மைக்காலம்

2010 நவம்பரில் தொடங்கி 2011-இலும் நீண்ட புரோமோவின் சீற்றம் பல ஊர்களின் பயிரைச் சாம்பலால் மூடியது. 2015-இல் இப்பகுதி யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. சுற்றுலா பெருகி, ஜீப் ஓட்டுவதும் குதிரை வாடகையும் தங்கும் வீடுகளும் இளைஞர் பலருக்கு இரண்டாம் வருமானமாயின. 2023 செப்டம்பரில் படப்பிடிப்புக்காகக் கொளுத்திய வெளிச்சப்பந்தத்திலிருந்து பரவிய தீ மணற்கடலை ஒட்டிய புல்வெளிகளை அழித்தது.

விளைநிலத்தை வெளியாருக்கு விற்பதில்லை என்ற ஊர்வழக்கம், குறிப்பாக ங்கடாசில், இன்றும் மதிக்கப்படுகிறது. சுற்றுலாவால் நிலமதிப்பு ஏறும் நிலையில் இது எத்தனை காலம் தாங்கும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சட்டத்தால் மட்டும் காக்கக்கூடிய வழக்கம் அன்று இது. ஒரு வீடு தன் காட்டைக்கொண்டே பிழைக்க முடிகிறவரைதான் விற்காதே என்ற சொல்லுக்கு வலு இருக்கும். ஆகவே விதைக்கிழங்கின் விலையும் சரிவில் எஞ்சும் மேல்மண்ணின் ஆழமும், வெறும் வேளாண் கணக்காக நின்றுவிடாமல், தெங்கர் மக்கள் மலையாராகவே தொடர்வார்களா என்பதையும் முடிவு செய்யும்.