முத்திரையும் வெள்ளியும்

கொடி, குடை, முரசு என்பவற்றை அரசுரிமையின் அடையாளங்களாகக் கூறுவது தமிழர் மரபு. நாணயம் பொறிக்கும் உரிமையையும் அவற்றோடு சேர்த்தெண்ணுதல் தகும். எனினும், மக்கள் ஒரு காசை ஏற்பது முத்திரையை நம்பியா, அன்றி வெள்ளியை நம்பியா என்பது ஆராய்தற்குரியது.

பிரான்சு தேசத்தில் 864 ஆம் ஆண்டிலே வழுக்கைச் சாள்சு மன்னன், நாணயசாலைகள் குறித்த சில இடங்களில் மட்டுமே இயங்கவேண்டுமென ஆணையிட்டான். பின்னர் மன்னர் வலி குன்றவே, பிரபுக்களும் மேற்றிராணிமாரும் தத்தம் நிலப்பகுதிகளில் ‘தெனியே’ என்னும் சிறு வெள்ளிக்காசை அடிப்பிக்கலாயினர். அதிற் செம்பு மிகுந்தபோதெல்லாம் ஆதாயம் பிரபுவுக்கும் இழப்புக் குடிகளுக்குமாயிற்று. 13 ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி, பிரபுக்களின் காசு அவரவர் நிலத்தில் மட்டும் செல்லுமெனவும், அரசன் காசு நாடெங்கும் செல்லுமெனவும் விதித்தான். ஆயின் அவன் பேரன் நான்காம் பிலிப்பு, அம்முத்திரையின் கீழேயே வெள்ளியைக் குறைத்தான். 1306 இல் நற்காசை மீட்க அவன் முற்பட்டபோது வீட்டு வாடகை மும்மடங்காக, பாரிசு மக்கள் கிளர்ந்தெழுந்தனர்.

ஈழத்திலே, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் எருதின் உருவும் ‘சேது’ என்னுந் தமிழ்ச்சொல்லும் பொறித்த காசுகளால் தம் ஆட்சியுரிமையைக் காட்டினர். கண்டியரசின் வழக்கம் வேறு. 1660 இல் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 இல் வெளியிட்ட நூலில் இதனை விவரிக்கின்றார். அங்கு வழங்கிய காசுகளுள் ஒன்று, கல்முனைக் கரையில் மீன்பிடிப்போர் நன்கறிந்த தூண்டில்முள்ளின் வடிவினது. பாரசீகத்து லார் நகரின் பெயரால் ‘லாரின்’ எனப்பட்ட இவ்வகைக் காசு, அரபிக்கடல் வணிகத்தோடு பரவியது. அரசன் அனுமதியுடன் எவரும் அதனைச் செய்யலாம். விரும்பிய குறியையும் பொறிக்கலாம். ஐயம் எழுந்தால் அதனைச் செந்தணலாகக் காய்ச்சி நீரில் இடுவர். தூய வெண்ணிறம் பெறாவிடின் அது செல்லாது. மற்றொன்று ‘பொன்னம்’ என்னும் மிகச் சிறிய காசு. எழுபத்தைந்து பொன்னம் ஒரு ஸ்பானிய வெள்ளிக்குச் சமம். அதனை அரசனன்றிப் பிறர் அடித்தால் மரணதண்டனை.

இவ்வேறுபாட்டின் காரணம் ஊகித்தற்கரியதன்று. பெரிய காசைத் தீயிலிட்டுச் சோதிக்கலாம்; ஆகவே அதனைச் செய்தவர் யாரென்ற வினா எழவில்லை. சிறு காசைக் கைமாறுந்தோறும் சோதித்தல் இயலாது. ஆகவே அதற்கு அரசன் பெயரும் தண்டனையும் காவலாயின. முத்திரை என்பது சோதிக்க இயலாத குடிமகனுக்கு ஆள்வோன் அளிக்கும் வாக்குறுதியே. பிலிப்பு மன்னன் குறைத்தது வெள்ளியை மட்டுமன்று, அவ்வாக்குறுதியையுமாகும். காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என ஒரே சொல்லை வழங்கும் தமிழருக்கு இவ்வுண்மை புதிதன்று.