கோலார் தங்கவயலின் தூசிக் கணக்கு

1902 ஜூன் இறுதியில் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பியில் வந்த மின்சாரம் கோலார் தங்கவயலைத் தொட்டது. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிய இன்னும் மூன்று ஆண்டுகள் ஆகும். லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் இருந்த சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், மைசூர் சுரங்கங்களில் மிக ஆழமானது பிற்பாடு 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரியைத் தாண்டும். ஆட்களை ஏற்றி இறக்கக் கூண்டு, காற்றுச் செலுத்த ராட்சத விசிறிகள், பின்னாளில் காற்றைக் குளிரூட்டும் இயந்திரங்கள் என எல்லாம் வந்தன. பணமும் பொறியியல் அறிவும் இல்லாததால் தொழிலாளி செத்தான் என்று இந்தச் சுரங்கங்களைப் பற்றிச் சொல்ல முடியாது. உற்பத்தியை நிறுத்தக்கூடிய ஆபத்துக்கு இங்கே மருந்து தேடினார்கள். உற்பத்தியை நிறுத்தாமல் ஆளை மட்டும் கொல்லும் ஆபத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் எவரும் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கே இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் சேரிகளிலிருந்து, 1876–78 பஞ்சத்தின் வடு ஆறாத ஊர்களிலிருந்து போனவர்கள். ராயபுரத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி, அரக்கோணம் வழியாக 1856இல் போட்ட தண்டவாளம் பின்னர் ஜோலார்பேட்டையில் பெங்களூர்ப் பக்கம் கிளை பிரிந்தது. பங்காருப்பேட்டையிலிருந்து தங்கவயலுக்கும் ஒரு கிளை போயிற்று. மேஸ்திரிகள் ஆள் பிடித்துக்கொண்டு போக இந்த வழி போதும். மூங்கில் தட்டி வீடுகளில் குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஆனாலும் பண்ணையாரின் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கையில் கூலி வந்தது. தங்கவயலின் மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேரூன்றியதற்கு இந்தச் சிறு சுதந்திரமும் ஒரு காரணம். விரும்பித்தானே வந்தார்கள், ஊரைவிடக் கூலி அதிகம்தானே என்று நிர்வாகத்துக்காக வாதாடுவோர் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். வந்தது விருப்பத்தோடுதான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பத்தாண்டு துளையிட்டால் நுரையீரல் என்ன ஆகும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. தெரியாத விலைக்கு ஒருவர் எப்படிச் சம்மதம் தந்திருக்க முடியும்?

நிலக்கரிச் சுரங்கத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். ஜாரியா, ராணிகஞ்ச் போன்ற வயல்களில் எமன் வாயுவாகவும் நீராகவும் வந்தான். 1936இல் போய்டியில் 209 பேர், 1965இல் தோரியில் 268 பேர், 1975 டிசம்பர் 27இல் சாஸ்நாலாவில் வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்டோர். இப்படி ஒரே நாளில் குவியும் பிணங்களை மறைக்க முடியாது. விசாரணை வரும், விதி மாறும், சில வேளை நிர்வாகமே மாறும். தங்கவயலில் இதற்கு இணையானது பாறை வெடிப்பு. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை சிதறும்போது மேலே வீடுகளும் அதிரும், கீழே சுரங்கவழியே மூடிக்கொள்ளும். வழி மூடினால் தங்கம் வராது. அதனால் பாறை வெடிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள், வெட்டும் முறையையே மாற்றினார்கள். அந்த ஆய்வு பல உயிர்களைக் காத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

தூசி அப்படி வழியை மறிப்பதில்லை. குவார்ட்ஸ் பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது; நுரையீரலில் தங்கித் தழும்பாகும், ஆண்டுகள் கழித்துத்தான் மூச்சு வாங்கும். அதற்குள் துளையிட்டவர் வேலையை விட்டிருப்பார். ஊருக்குத் திரும்பிக் காசநோய் என்ற பெயரில் சாவார், அவர் இடத்தில் மேஸ்திரி இன்னொருவரை நிறுத்தியிருப்பார். 1940–46 காலத்தில் மருத்துவர்கள் கேப்லானும் பர்டனும் 7,653 தொழிலாளரைச் சோதித்தபோது நூற்றுக்கு 43.7 பேருக்குச் சிலிக்கோசிஸ் என்னும் இந்நோய் இருந்தது. எல்லோரும் நோயின் ஒரே கட்டத்தில் இருந்திருக்க மாட்டார்கள் என்று சொல்லி இந்த எண்ணைக் குறைக்கப் பார்க்கலாம். எனக்கு இது குறைவான எண்ணாகவே படுகிறது. சோதனைக்கு வந்தவர்கள் அன்றும் வேலைப் பட்டியலில் இருந்தவர்கள். இருமி இருமி ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் இதில் இல்லை.

அந்தக் காலத்தில் மருத்துவத்துக்கே இது தெரியாது என்பதுதான் வலுவான மறுப்பு. ஆனால் தேதிகள் அதற்கு எதிராக நிற்கின்றன. பிரிட்டனின் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்த ஜே. எஸ். ஹால்டேன் குழு, பாறை துளைப்போரின் நுரையீரல் சாவுகளுக்குக் கல்தூசியே காரணம் என்று 1904இலேயே அறிக்கை தந்தது. அதே கார்ன்வாலிலிருந்துதான் கோலாருக்கு மேற்பார்வையாளர்கள் வந்தார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இந்த நோய்க்கு இழப்பீடு தரும் சட்டம் 1912க்குள் வந்துவிட்டது, கறுப்பர்களுக்கு அதிலும் ஓரவஞ்சனை என்றாலும். துளையிடும் இடத்தில் நீர் பாய்ச்சித் தூசியை அடக்கலாம் என்பதும் தெரிந்த தொழில்நுட்பமே. இந்தியாவின் 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமோ முதலில் ஆந்த்ராக்ஸையும் ஈய நஞ்சையும் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது, சிலிக்கோசிஸைச் சேர்க்கவில்லை.

இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஆயிரக்கணக்கான கூலிகளின் உடல்நிலையை எப்படிப் பதிந்து வைப்பது என்றும் கேட்கலாம். அதற்கு நிர்வாகமே விடை தந்திருக்கிறது. 1930இல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிய வேண்டும் என்று அது உத்தரவிட்டது. அதை எதிர்த்துத் தங்கவயல் முழுவதும் வேலைநிறுத்தம் வெடித்தது. தங்கம் கடத்தக் கூடாது என்பதற்காக வெளியே வருவோரின் உடலைச் சோதித்தார்கள், வேலி போட்டார்கள், தனிச் சட்டம் வைத்திருந்தார்கள். ஆளை அடையாளம் காணவும் பின்தொடரவும் ஏற்பாடு செய்ய முடிந்தவர்களுக்கு, அவர் எத்தனை ஆண்டு எந்த ஆழத்தில் துளைத்தார் என்று ஓர் ஏட்டில் எழுத முடியாமல் போயிருக்காது.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. சிலிக்காத் தூசி அங்கேயே நின்றுவிடவில்லை. வார்ப்பட மணலிலும், மணல் ஊதித் துருவெடுக்கும் வேலையிலும், செயற்கைக் கல் அறுக்கும் பட்டறையிலும் அதே துகள்தான். 1964இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை முதல் ஆவடி, பூந்தமல்லி வரை விரிந்த சிறு பட்டறை உலகத்துக்கு இவை அந்நியமான வேலைகள் அல்ல. இன்று சட்டம் இருக்கிறது: அது சிலிக்கோசிஸைத் தொழில்நோயாக ஏற்கிறது. ஆனால் இந்நோய்க்குக் குறிப்பிட்ட காலம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்ததும் காட்டப்பட வேண்டும். ஒப்பந்தக்காரர் வழியே ஆண்டுக்கொரு பட்டறை மாறும் ஒடிசா, பீகார் இளைஞர் அந்தச் சான்றை யாரிடம் கேட்பார்? பணிக்காலத்தோடு அவர் சுவாசித்த தூசியின் அளவையும் மார்பு எக்ஸ்ரேயையும் ஒரே பதிவில் சேர்த்து, அவர் எந்தப் பட்டறைக்குப் போனாலும் கூடவே போகும்படி செய்ய வேண்டும். வருகைக்கு விரல் பதியும் இயந்திரம் பல வாசல்களில் ஏற்கெனவே இருக்கிறது.