பொருளைத் தேடும் அலை: நுண்ணலைக் குழிகளில் பயனுறுதிறன் வளர்ந்த வரலாறு

நுண்ணலைச் சூடேற்றத்தில் ஆற்றல் மூன்று இடங்களில் வீணாகிறது. மின்சாரத்தை அலையாக மாற்றும் மேக்னட்ரானிலேயே ஒரு பங்கு வெப்பமாகக் கழிகிறது. சூடேற்றும் குழியின் வாயில் மோதித் திரும்பும் அலையாக இன்னொரு பங்கு போகிறது. உள்ளே நுழைந்த அலையிலும் ஒரு பகுதியைப் பொருளுக்குப் பதில் உலோகச் சுவர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. முதல் இழப்பு பெருமளவு தொடக்கக் காலத்திலேயே கட்டுக்குள் வந்தது. மற்ற இரண்டையும் குறைக்கும் முயற்சியே இத்துறையின் நீண்ட வரலாறு.

1940 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் குழி மேக்னட்ரானை இயக்கிக் காட்டினர். ரேடாருக்காகப் பிறந்த அக்கருவியைச் சமையலுக்குத் திருப்பியவர் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனப் பொறியாளர் பெர்சி ஸ்பென்சர். 1945 அக்டோபரில் அவர் தாக்கல் செய்த காப்புரிமை விண்ணப்பத்தின் மையவாதமே பயனுறுதிறன்தான்: அலைநீளம் உணவுப் பொருளின் பருமனுக்கு நெருங்கி வரும்போது, குறைந்த ஆற்றலில் விரைவாகச் சூடேற்ற முடியும் என்பது அது. 1947இல் வெளிவந்த ரேடாரேஞ்ச் அடுப்பு ஏறத்தாழ ஓர் ஆள் உயரம். எடை சுமார் 340 கிலோ. மேக்னட்ரானைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் இணைப்பும் தேவைப்பட்டது.

உலோகப் பெட்டிக்குள் அடைபட்ட அலை சுவர்களில் எதிரொலித்து நிலை அலையாகிறது. 2450 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 12 செ.மீ. ஆகையால், சுமார் 6 செ.மீ. இடைவெளியில் சூடான இடங்களும் அவற்றுக்கிடையே குளிர்ந்த கணுக்களும் அமைகின்றன. உள்ளே சேர்ந்த ஆற்றலை மட்டும் அளந்தால் இது இழப்பாகத் தெரியாது. ஆனால் குளிர்ந்த பகுதி வேகும்வரை காத்திருக்கையில் சூடான பகுதி கருகிவிடுமானால், செலவிட்ட ஆற்றலால் பயனில்லை. அலையைக் கலைக்கும் உலோக விசிறியும், ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் 1966இல் அறிமுகப்படுத்திய சுழல்தட்டும் இதற்குக் கிடைத்த தொடக்கத் தீர்வுகள். முன்னது அலைப்புலத்தை அசைத்தது. பின்னது பொருளையே அசைத்தது.

பொருளின் இயல்பை எண்களாகத் தந்த பெருமை மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆர்தர் வான் ஹிப்பலுக்கு உரியது. அவர் பதிப்பித்து 1954இல் வந்த மின்கடத்தாப் பொருள்கள் பற்றிய நூலின் அட்டவணைகள், எந்தப் பொருள் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு உறிஞ்சும் என்பதைக் கணக்கிட வழிவகுத்தன. உறிஞ்சப்படும் திறன் அதிர்வெண், பொருளின் இழப்புக் காரணி, மின்புலத்தின் இருமடி ஆகிய மூன்றின் பெருக்கலுக்கு நேர்விகிதத்தில் அமையும். தண்ணீரின் இழப்புக் காரணி பனிக்கட்டியினுடையதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். உறைந்த இறைச்சியின் ஒரு மூலை முதலில் உருகிவிட்டால் அலையின் பெரும்பங்கை அந்த மூலையே இழுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். ஆழமாக ஊடுருவும் 915 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தொழிற்சாலைகள் பெரிய இறைச்சிக் கட்டிகளுக்குத் தேர்ந்தன. அந்த அதிர்வெண்ணில் இயங்கும் பெரிய மேக்னட்ரான்கள் மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அலையாக்க வல்லவை. வீட்டு அடுப்பின் மேக்னட்ரானுக்கு அது 65 முதல் 70 விழுக்காடு.

சுவர் இழப்பின் கணக்கு இதைவிட நுட்பமானது. குழி ஆற்றலை எவ்வளவு நேரம் தேக்கிவைக்கும் என்பதைத் தரக்காரணி சொல்கிறது. வெற்றுக் குழிக்கு அது 10,000 என்றும், தண்ணீர் வைத்தபின் 100 ஆகக் குறைந்தது என்றும் கொள்வோம். உள்ளே சென்றதில் 99 விழுக்காடு தண்ணீருக்கே போகிறது. அதே குழியில் அலையை அரிதாகவே உறிஞ்சும் பீங்கான் துண்டை வைக்கும்போது தரக்காரணி 5,000 வரைதான் இறங்குமானால், பாதி ஆற்றல் சுவரைச் சூடாக்கிவிடும். எல்லாப் பொருளுக்கும் ஒரே பெட்டி போதும் என்ற நினைப்பு இங்குதான் தகர்கிறது. ஆகவே குறைவாக உறிஞ்சும் பொருள்களுக்கு ஒற்றைப் பாங்குக் குழிகள் அமைக்கப்பட்டன. ஒரே ஓர் அதிர்வுப் பாங்கை மட்டும் அனுமதித்து, மின்புலம் உச்சமாகும் இடத்தில் பொருளை நிறுத்துவது அவற்றின் உத்தி. நுழைவுத் துளையின் அளவையும் நகரும் உலோகத் தகட்டின் நிலையையும் சரிசெய்து, திரும்பும் அலையைச் சுழியத்துக்கு அருகே கொண்டுவர முடிகிறது. மெட்டாக்சஸும் மெரிடித்தும் 1983இல் எழுதிய தொழில்துறை நுண்ணலைச் சூடேற்றம் பற்றிய நூல் இந்த வடிவமைப்பு முறைகளை ஒழுங்காகத் தொகுத்துத் தந்தது.

சரிசெய்த நிலை நிலைப்பதில்லை என்பதே பீங்கானில் எழுந்த சிக்கல். சூடு ஏற ஏறப் பீங்கானின் உறிஞ்சுதிறன் பெருகுகிறது. அதனால் மேலும் விரைவாகச் சூடேறி, ஒரு கட்டத்தில் வெப்பம் கைமீறிப் போகிறது. தொடக்கத்தில் சிலிக்கான் கார்பைடு போன்ற துணைப்பொருளைக் கொண்டு சூடேற்றி, பின்னர் பீங்கானையே உறிஞ்சவிடும் கலப்பு முறை இதைப் பெருமளவு தணித்தது. 1999இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ருஸ்தும் ராயும் உடன் ஆய்வாளர்களும் உலோகப் பொடியையே நுண்ணலையால் முழுமையாக இறுக்கிக் காட்டினர். அலையை உலோகம் திருப்பியனுப்பிவிடும் என்ற பொது நம்பிக்கை பொடிக்குப் பொருந்தாது என்று அது காட்டியது.

மாறும் பொருளைப் பின்தொடரும் குழியே அடுத்த இலக்கு. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் 1990களில் உருவான மாறும் அதிர்வெண் முறை, அதிர்வெண்ணை நொடிக்குள் பலமுறை துழாவிக் கணுக்களை இடம் மாற்றி வெப்பத்தைச் சமன்படுத்தியது. குறைகடத்தி மின்பெருக்கிகள் வந்தபின், திரும்பும் அலையை அளந்து அதற்கேற்ப அதிர்வெண்ணையும் கட்டத்தையும் அப்போதைக்கப்போது மாற்ற முடிகிறது. அலையை உருவாக்குவதில் மட்டும் பார்த்தால் இவை நல்ல மேக்னட்ரானை இன்னும் மிஞ்சவில்லை. குழியின் வாயில் மிச்சப்படுத்துவதே இவற்றின் வலிமை. பல பத்து கிலோவாட் தேவைப்படும் ஆலைகளில் 915 மெகாஹெர்ட்ஸ் மேக்னட்ரானும், அதைத் திரும்பும் அலையிலிருந்து காக்கும் சர்க்குலேட்டரும் இன்றும் இடம்பிடித்துள்ளன.